சமத்துப் பிள்ளை

அன்புள்ள அம்மா,

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு மாணவி. குடும்ப வன்முறை 3 முதல் 6 வயதுக் குழந்தைகளின் மனநலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது என் ஆய்வு. நீலகிரியில் கூடலூர் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீடுவீடாகப் போய்த் தாய்மார்களைச் சந்திக்கிறேன். அடி வாங்கியதை ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, "பிள்ளை தூங்கிட்டு இருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று முடித்துக்கொள்கிறார்கள். அவர்களை உண்மையைப் பேச வைப்பது எப்படி? கேள்விப் படிவத்தை இணைத்திருக்கிறேன். நல்ல தமிழ்த் தலைப்பு ஒன்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

தலைப்பை உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

'பேச வைப்பது' என்றால், நீங்கள் என்ன போலீஸா? லைன் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அங்கே நோட்டை விரித்துக்கொண்டு "வீட்டுக்காரர் அடிப்பாரா" என்று கேட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். சாயங்காலம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். இனி வீட்டுக்குள் வைத்து இதைக் கேட்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098. இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும். படிவத்தில் அடி மட்டும்தான் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வசவையும், காசு தராமல் வதைப்பதையும் வன்முறை என்றுதான் சொல்கிறது. சேருங்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். 2013-இல் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தினர் 6 முதல் 12 மாதக் குழந்தைகள் தூங்கும்போதே ஸ்கேன் எடுத்தார்கள். காதில் ஒரு கோபக் குரல், அர்த்தமில்லாத சொற்கள். பெற்றோர் அதிகம் சண்டையிடும் வீட்டுக் குழந்தைகளின் மூளையில், பதற்றத்தோடு தொடர்புள்ள பகுதிகள் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாகத் துடித்தன. தூங்கிக்கொண்டேதான்.

ஆனால் எனக்குக் கோபம் உங்கள் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில். படுக்கையை நனைப்பது, நகம் கடிப்பது, அடம், மற்றப் பிள்ளைகளை அடிப்பது. சரி, இதெல்லாம் இருக்கும். சத்தமே போடாத பிள்ளைக்கு எங்கே கட்டம்? எதற்கும் அழாத பிள்ளை, கொடுத்ததைத் தின்கிற பிள்ளை, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கிற பிள்ளை உங்கள் கணக்கில் பாதிப்பே இல்லாத பிள்ளையாகிவிடும். நாமும் அதைச் சமத்து என்போம். எனக்கு அந்தச் சொல்லே ஆகாது.

நான் வளர்ந்தது கோத்தகிரிப் பக்கம் ஒரு லைனில். அடுத்த வீட்டுச் சிறுமிக்கு நாலு வயது இருக்கும். காப்பகத்து ஆயா, "இது இருக்கிற இடமே தெரியாது" என்று மெச்சுவாள். அந்தச் சிறுமியின் அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடிகளை வெட்டிவிடுவது. சம்பள நாளன்று, ரோட்டில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்கும் முன்பே, கவ்வாத்துக் கத்தியை இரண்டு கையாலும் தூக்கிவந்து எங்கள் விறகுக் கட்டுக்கு அடியில் சொருகிவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். விடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வாள். அவளாகவே கண்டுபிடித்த வழி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

போன வருஷம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. டீ குடிக்கும்போது கேட்டேன்: "அந்த வயசுல உனக்கு எப்படிடீ தோணுச்சு?"

"எனக்கு எங்கக்கா தோணுச்சு? அம்மாதான் கையில எடுத்துக் குடுக்கும்."