நுண்ணுயிர்களை இணையத்தில் படிக்கலாம்: கேள்வி பதில்

கே: பிளஸ் ஒன் படிக்கிறேன். பாடப்புத்தகத்தைத் தாண்டி நுண்ணுயிர்களைத் தெரிந்துகொள்ள இணையத்தில் எங்கே தொடங்கலாம்?

பாக்டீரியாவில் தொடங்காதீர்கள், குளத்துத் தண்ணீரில் தொடங்குங்கள். அதில் வாழும் ஒருசெல் உயிர்களான பாரமீசியம், வோர்ட்டிசெல்லா, ஸ்டென்ட்டர் என்று ஒவ்வொரு பெயராக யூடியூபில் தேடினால் உயிரோடு நீந்துவதைப் பார்க்கலாம். வோர்ட்டிசெல்லாவின் காம்பு சட்டென்று ஸ்பிரிங் போலச் சுருளும் அழகுக்கே ஒரு மாலை போய்விடும். அப்புறம் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் (NPTEL) தளத்தில் நுண்ணுயிரியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன.

எந்தப் படமானாலும் ஓரத்தில் உண்மையான அளவைக் காட்டும் அளவுகோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாரமீசியம் 50 முதல் 300 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில மைக்ரோமீட்டர்தான். மொபைல் திரையிலோ இரண்டும் ஒரே அளவாகத் தெரியும்.

கே: கொரோனா வைரஸ் சிவப்பா, பச்சையா?

இரண்டும் இல்லை. அது சுமார் 100 நானோமீட்டர், நாம் காணும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. அதனால் நிறம் என்று பார்க்க எதுவுமில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி தருவது கறுப்பு வெள்ளைப் படம். நிறம் பிறகு கணினியில் பூசியது.

கே: ஒரு தளத்தில் ஃபிர்மிக்யூட்ஸ், இன்னொன்றில் பாசில்லோட்டா. எது சரி?

இரண்டும் ஒரே பாக்டீரியாத் தொகுதி: முதலாவது பழைய பெயர், இரண்டாவது புதிய பெயர். 2021-ல் தொகுதிப் பெயர்கள் முறைப்படுத்தப்பட்டன. 2020-ல் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தையே 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். சந்தேகம் வந்தால் பாக்டீரியாப் பெயர்களின் பட்டியலான எல்பிஎஸ்என் (LPSN) தளத்தில் பெயரை அடித்துப் பாருங்கள், பழையதும் புதியதும் கிடைக்கும்.

கே: நுண்ணோக்கியில் மொபைலை வைத்து எடுத்த படம் இது. எந்த பாக்டீரியா?

சொல்ல முடியாது. உருண்டை, கோல், சுருள் என்ற வடிவத்தை வைத்துப் பெயர் வைக்க முடியாது. 1977-ல் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற விஞ்ஞானிகள், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏவை ஒப்பிட்டபோது, அதுவரை பாக்டீரியா என்றே எண்ணியிருந்த மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் தனிக் கிளை என்று தெரிந்தது. அவைதான் இன்றைய ஆர்க்கியா. காலங்காலமாகக் கண்ணால் பார்த்தும் பிடிபடாத வேறுபாடு அது.

கே: என் படத்தையாவது பார்த்துச் சொல்லுங்களேன்?

மேலே சொன்ன பதில்தான். அளவுகோடும் இல்லை.

கே: இட்லி மாவு ஈஸ்ட்டால்தான் பொங்குகிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

முக்கியமான ஆள் ஈஸ்ட் இல்லை, லுகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. அது சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடும். புளிப்பது, பொங்குவது இரண்டும் அதனால் வருகின்றன. ஈஸ்ட்டும் மாவில் இருக்கலாம், ஆனால் அது இல்லாமலேயே மாவு பொங்கும். வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் வழவழப்பும். உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவது அதனால்தான்.

கே: அதெல்லாம் சரி, கையால் கரைத்தால்தான் மாவு புளிக்கும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அனுபவம்.

அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடும் வருவது. கை படாமல் கரண்டியால் கலக்கிய மாவும் புளிக்கிறதே!

கே: கரண்டி மாவு புளிக்க நேரமாகிறது. குளிர்காலத்தில் நன்றாகத் தெரியும்.

குளிரில் எந்த மாவும் தாமதமாகத்தான் புளிக்கும். இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டீர்களா? ஒரே மாவை, ஒரே உப்போடு, ஒரே அளவான இரண்டு பாத்திரங்களில் பிரியுங்கள். ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கலக்கி, அருகருகே வையுங்கள்.

கே: இன்று இரவே செய்கிறேன். நீங்கள் தோற்கப் போகிறீர்கள்.

தோற்றால் சந்தோஷமாகக் கற்றுக்கொள்கிறேன். மாவை ஊற்றியதும் பாத்திரத்தின் வெளியே மட்டத்தைக் கோடு போட்டுவிடுங்கள். படம் எடுத்தால் பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும்.