பனியில ஒறைஞ்சும் சாகாத கரப்பான்

கேள்வி: எம் பையன் ஜப்பான்ல வேலைக்குப் போயிருக்கான். அங்க பனி கொட்டுற ஊர்லயும் கரப்பான் சாகாதுன்னு போன்ல சொல்றானுங்க. நெசமா? இங்க மார்கழிக் குளிருக்கே கம்மியாயிடுதே?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நெசந்தானுங்க அம்மணி. அவன் சொல்றது யமாட்டோ கரப்பானாத்தான் இருக்கோணும், அறிவியல் பேரு பெரிப்ளனேட்டா ஜப்பானிக்கா. நம்ம சலதாரையில இருந்து ஏறி வர்ற பெரிய செவப்புக் கரப்பானுக்குப் பங்காளி, ஆனா கருகருன்னு இருக்கும், ஒரு இஞ்சு நீளம், பொட்டைக்கு ரெக்கை பாதி முதுகோட நின்னுரும்.

இதோட குஞ்சுக தான் குளிர்காலத்தைத் தாட்டுதுங்க. மைனஸ் 5ல இருந்து மைனஸ் 8 டிகிரி வரைக்கும், 12 மணி நேரம் ஒடம்பு ஒறைஞ்சு கெடந்தாலும் பொழைச்சுக்குதுங்க, எனக்கு இதைப் படிச்சப்ப ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடலை. ஒடம்புக்குள்ள ஐஸ் கட்டுது, ஆனா செல்லுக்கு வெளிய இருக்குற தண்ணி மட்டுந்தான் கட்டியாகுது, செல்லுக்குள்ள கட்டுனா கிழிஞ்சு போயிரும், அதைத்தான் தடுத்துக்குது. நியூசிலாந்து மலைக மேலயும் இதே வித்தை தெரிஞ்ச வேற ஒரு சாதிக் கரப்பான் இருக்குதுங்க.

2012ல நியூயார்க்ல ஹை லைன்ங்கற பூங்காவுல, பழைய ரயில் பாலத்து மேல செடி வெச்சிருக்காங்களே அங்க, இது சிக்குச்சு. 2013ல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க இது ஜப்பான்காரன்தான்னு உறுதி பண்ணாங்க. செடியோட மண்ணுல ஒட்டிட்டு வந்திருக்கலாம்னு சொன்னாங்க.

இனி நம்மூட்டுக்கு வருவோம். மார்கழியில கம்மியாத் தெரியுதே, அது செத்துப் போகலைங்க. குளுந்தா ஓட்டம் கொறையும், கதகதப்பா இருக்குற எடத்துல போயி அடைஞ்சுக்கும். ஃப்ரிட்ஜை ஒருக்கா சுவத்தை விட்டு நவுத்தி, பின்னாடி மோட்டார் பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க, மெளகுத் தூளாட்டம் கருப்புப் பொடி சிந்திக் கெடந்தா அது அதுகளோட எச்சந்தான். காராமணி வெதையாட்டம் அரக்குக் கலர்ல ஏதாச்சும் ஒட்டியிருந்தா அது முட்டைக் கூடு, ஒண்ணுக்குள்ள பதினாலு பதினாறு முட்டை இருக்கும். தொடைப்பத்துல தள்ளி உட்டுறாதீங்க, சுரண்டி எடுத்து நசுக்கிப் போடுங்க.