மலேரியாவுக்கு அலையாத்திப் பட்டைக் கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. மங்களூரில் விசைப்படகு வேலைக்குப் போனவர் குளிர்காய்ச்சலோடு மண்டபம் திரும்பினார். இரத்தம் எடுத்துப் பார்த்து விவாக்ஸ் மலேரியா என்றார்கள். மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் விட்டது. 14 நாள் சாப்பிடச் சொன்ன பிரைமாகுயினை, வயிற்றைப் பிடுங்குகிறது என்று நான்கே நாளில் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து இப்போது மறுபடியும் குளிர் நடுக்கம். நிலவேம்பு கொடுத்து வருகிறேன். "அலையாத்தி மரத்தில் மலேரியாவுக்கு மருந்து இருப்பதாகத் தொண்டியில் கண்டுபிடித்திருக்கிறார்கள், பட்டையைக் காய்ச்சிக் கொடு" என்கிறார் மாமனார். கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஆனால் மாமனார் சொன்னது வெறும் வதந்தியும் இல்லை. தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் அலையாத்தி மரங்கள், துளசி வகைகள் எனப் பல செடிகளின் சாற்றை மலேரியா கிருமிமேல் சோதித்துக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். சில சாறுகள் கிருமியின் வளர்ச்சியைக் குறைத்தன. அதுவரை சரி.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இலையையோ பட்டையையோ உலர்த்திப் பொடித்து எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, எத்தனால் ஆவியானதும் மிஞ்சும் பசையை எடுக்கிறார்கள். குட்டிக் குட்டிக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் மனித சிவப்பணுக்கள், அவற்றுக்குள் கிருமி. குழிக்குக் குழி அளவை மாற்றிச் சாற்றை விட்டு, எந்த அளவில் கிருமி பாதியாகிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தட்டுக்கு வயிறு கிடையாது, சிறுநீரகம் கிடையாது, முக்கியமாகக் கல்லீரல் கிடையாது. தட்டில் வளர்த்ததும் ஃபால்சிபாரம் என்ற வகை. உங்கள் கணவருக்கு வந்தது விவாக்ஸ்.

விவாக்ஸ் கிருமியில் ஒரு பங்கு கல்லீரலில் போய்ப் படுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. அப்புறம் ஒருநாள் எழுந்து இரத்தத்துக்குள் இறங்கும். குளோரோகுயின் இரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். தூங்குகிறவனைத் தீர்க்கத்தான் அந்த 14 நாள் பிரைமாகுயின். இரண்டு மாதத்தில் காய்ச்சல் திரும்பியதற்கு, பாதியில் விட்ட அந்தப் பத்து நாள்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூலிகையை நான் மட்டமாகப் பேசவில்லை. மலேரியா வைத்தியமே மரப்பட்டையில் தொடங்கியதுதான். சின்கோனா பட்டையிலிருந்து 1820-இல் குயினைனைப் பிரித்தார்கள். அந்த மரத்தை நம் நீலகிரியிலும் தோட்டம் போட்டு வளர்த்தார்கள். இன்று ஃபால்சிபாரத்துக்குக் கொடுக்கும் ஆர்ட்டிசுனேட்டின் மூலமும் சீனத்து மூலிகைதான். அதைத் தேடிய சீன விஞ்ஞானி து யூயூ முதலில் நம்மைப் போலவே சூடாக்கிச் சாறு எடுத்தார். நம்பும்படி பலன் இல்லை. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். காய்ச்சச் சொல்லவில்லையே என்று யோசித்த து யூயூ, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தால் சாறு எடுத்தார். 1971-இல் அது எலிகளிடம் வேலை செய்தது. மறு ஆண்டே ஆர்ட்டிசுனேட்டுக்கு மூலமான ஆர்ட்டிமிசினினைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்: ஆய்வகம் எத்தனாலில் எடுத்த சாறு வேறு, உங்கள் அடுப்பில் கொதிக்கும் கஷாயம் வேறு.

இன்னொன்று. அலையாத்தி என்பது ஒரே மரத்தின் பெயர் இல்லை. சுரபுன்னையும் அதில் சேர்த்தி, தில்லையும் அதில் சேர்த்தி. தில்லையின் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மரம் தெரியாமல் பட்டை உரிக்கப் போக வேண்டாம்.

நிலவேம்பு குடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதை நம்பி நாள் கடத்துவதுதான் ஆகாது. இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மங்களூரில் இருந்ததையும், மாத்திரையைப் பாதியில் விட்டதையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். பிரைமாகுயினுக்கு முன்னால், இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி போதுமா என்று பார்க்கும் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அந்த நொதி குறைந்தவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களை உடைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிடுங்கத்தான் செய்யும், சாப்பிட்ட பிறகு போடட்டும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பிதற்றல், மூச்சுத்திணறல், கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, இதில் எது வந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தாலே எத்தனை நாள் சாப்பிட்டார் என்று அங்கே கணக்குத் தெரிந்துவிடும்.