முதியோர் பெருகுவதை நம்பி முழுச் சேமிப்பையும் ஒரே துறையில் போடலாமா?

வணக்கம். முதியோர் தொகை பெருகிவருவதால் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் முதியோர் பராமரிப்பு நிறுவனப் பங்குகளில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மக்கள்தொகை மாற்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால், அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பங்கு விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். தேவை வளர்வதும் லாபம் வளர்வதும் ஒன்றல்ல: ஜப்பானில் 65 வயதைத் தொட்டவர்களும் கடந்தவர்களும் ஏறத்தாழ 29 விழுக்காடு இருந்தும், 2000 முதல் நடைமுறையிலுள்ள நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால், ஆள் பற்றாக்குறையால் கூலி உயரும்போது நிறுவனங்களால் அந்தச் செலவை விலையில் ஏற்ற முடிவதில்லை. தொலைமருத்துவமும் முதியோரைக் கண்காணிக்கும் உணரிக் (சென்சார்) கருவிகளும் புதிய போட்டியாளர்களை உள்ளே விடுகின்றன. அவர்களுள் யார் நிலைப்பார் என்பதை முன்கூட்டிக் கணிப்பது மிகக் கடினம். இது உங்கள் முதுமைக்கான பணம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்: பெரும்பகுதியைப் பரந்த குறியீட்டு நிதியில், அதாவது பல துறை நிறுவனங்களின் பங்குகளை ஒருசேர வாங்கி வைக்கும் நிதியில் வைத்து, இத்துறைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்காதீர்கள்.