கேட்டதும் சொன்னதும்: பின்னணி இசை ஸ்பெஷல்

சினிமா இசை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பாட்டுகளைப் பற்றிக் கேட்டவர்களைவிட பிஜிஎம், தீம் மியூசிக் என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

இப்போதெல்லாம் ஹீரோ நடந்து வந்தாலே தியேட்டர் அதிர்கிறது. ஆனால் வெளியே வந்தால் ஒரு மெட்டுகூட ஞாபகத்தில் இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை இசைக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?
*(வாசகர், திண்டுக்கல்)*

வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். சத்தத்தின் மேலும் முழுப் பழியைப் போட முடியாது, ஏனென்றால் 1995-ல் வந்த ‘பாட்ஷா’வும் சத்தமான படம்தான். ஆனால் அதில் ரஜினி பாதிப் படம் வரை அடி வாங்கிக்கொண்டு, தம்பிக்காகப் பொறுத்துக்கொண்டு, கைகட்டி நிற்கிற ஆட்டோக்காரர். தம்பியைப் பார்த்து “உள்ளே போ” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிற அந்த இடத்துக்காக நம்மை அவ்வளவு நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் தேவாவின் இசையை எழ விடுகிறார்கள். அந்தக் காத்திருப்பு இல்லாமல் அதே இசையை முதல் காட்சியிலேயே போட்டிருந்தால் அதுவும் வெறும் சத்தமாகத்தான் போயிருக்கும். இன்றைய பல படங்களில் ஹீரோ காரை விட்டு இறங்கினால் ஒரு தீம், கண்ணாடியைக் கழற்றினால் ஒரு தீம், வில்லன் போனை எடுத்தால் இன்னொன்று. எது யாருடையது என்று மனதில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

‘நாயகன்’ படத்தில் இளையராஜா என்ன செய்தார் என்று பாருங்கள். ‘தென்பாண்டிச் சீமையிலே’ என்கிற ஒரே மெட்டு, சின்னப் பையன் வேலுவிடம் தொடங்கி வேலு நாயக்கரின் கடைசிக் கட்டம் வரை கூடவே வருகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் முன்பு பட்டதெல்லாம் அதோடு சேர்ந்து வருகிறது. புதிதாக மெட்டுப் போடுவது பெரிய வேலைதான், அதைவிடப் பெரிய வேலை போட்ட மெட்டை நம்பி மறுபடி மறுபடி அதனிடமே போவது. இந்த நம்பிக்கை இயக்குநருக்கும் இருக்க வேண்டும், இசையமைப்பாளர் மட்டும் வைத்திருந்து பிரயோஜனமில்லை.

‘ஜாஸ்’ படத்தின் சுறா இசையில் இரண்டே இரண்டு ஸ்வரம்தான் என்கிறார்களே, அதில் எப்படி இவ்வளவு பயம் வந்தது?
*(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)*

உண்மைதான், அதன் உயிர் அந்த இரண்டு ஸ்வரம்தான். 1975-ல் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் முதன்முதலில் பியானோவில் அதை வாசித்துக் காட்டியபோது, இயக்குநர் ஸ்பீல்பெர்க் அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாராம். இன்னொரு பக்கம், படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாகி நின்றுவிட்டது, சுறாவைக் காட்டவே வழியில்லை. காட்ட முடியாத சுறாவுக்குப் பதிலாக இசை நீந்தி வந்தது. தூரத்தில் இருக்கும்போது மெதுவாக, விட்டு விட்டு. கிட்டே வர வர வேகம் கூடுகிறது. திரையில் வெறும் தண்ணீர்தான் தெரிகிறது, ஆனால் சுறா எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது, அடுத்த முறை பார்க்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு சிறுவர்கள் அட்டையில் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி செய்து தண்ணீரில் மிதக்கவிட்டு எல்லோரையும் அலறவிடுகிற காட்சியில் அந்த இசை வராது. பொய்ச் சுறாவுக்கு இசை கிடையாது, படம் அதில் நேர்மையாக இருக்கிறது. ‘இசை வந்தால்தான் சுறா வரும்’ என்று நம்மை இப்படிப் பழக்கிவிட்டு, பிற்பாடு படகின் ஓரத்தில் போலீஸ் அதிகாரி இரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது எந்த முன்னறிவிப்பு இசையும் இல்லாமல் சுறா வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. எனக்குத் தெரிந்து பின்னணி இசையை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நிறுத்தி வைத்த படங்கள் குறைவு. வில்லியம்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது, நியாயமாகவே கிடைத்தது.

ஜேம்ஸ் பாண்ட் தீமுக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தம் உண்டு என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். நிஜமா?
*(வாசகர், ஈரோடு)*

இந்தியாவோடு நேரடியாக இல்லை, இந்திய வம்சாவளியினரோடு உண்டு. டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளி எழுத்தாளர் வி.எஸ். நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசை நாடகமாக்க இசையமைப்பாளர் மான்டி நார்மன் ஒரு பாட்டுப் போட்டு வைத்திருந்தார், சித்தார் சாயலோடு. நாடகம் மேடை ஏறவில்லை. 1962-ல் முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ வாய்ப்பு வந்ததும் அந்த மெட்டை எடுத்துக் கொடுத்தார். ஜான் பேரி அதைப் பித்தளை வாத்தியங்களோடு புதிதாக அமைத்தார், விக் ஃபிளிக் கிடாரில் வாசித்தார். உலகம் முழுக்கத் தெரிந்த உருவம் அப்போதுதான் வந்தது. மெட்டு யாருடையது என்ற தகராறு பல வருடம் ஓடி, 2001-ல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு பத்திரிகைக்கு எதிரான அவதூறு வழக்கில் நார்மன் ஜெயித்தார். என்னைக் கேட்டால் மெட்டு நார்மனுடையது, அந்த மிடுக்கு பேரியுடையது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பாண்ட் இல்லை.

பாட்டே இல்லாத தமிழ்ப் படங்களில் இசைக்கு என்ன வேலை?
*(வாசகி, தாராபுரம்)*

அங்கேதான் முழு வேலையும். 1954-லேயே வீணை எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்துவிட்டார், அதுவும் பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில். 1988-ல் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்திலும் பாட்டு கிடையாது. இளையராஜா தனி ஆல்பமாக வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசையை எடுத்து அதில் பின்னணியாக வைத்தார்கள். சினிமாவுக்கென்று போடாத இசை, ஒரு பெண் கடன் வாங்கி வீடு கட்ட அல்லாடுகிற கதையில் போய் அப்படிப் பொருந்தியது. அப்புறம் 2013-ல் மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’. அதில் இளையராஜா பெயரைப் போடும்போது பின்னணி இசை என்று போடாமல் ‘முன்னணி இசை’ என்று போட்டார் மிஷ்கின். ராத்திரி முழுக்க ஓடுகிற அந்தக் கதையில் வசனம் குறைவு, வயலின்கள்தான் பேசுகின்றன.

உங்களை மிகவும் உலுக்கிய பின்னணி இசை எது? ஒன்றுதான் சொல்ல வேண்டும்.
*(வாசகர், திருவாரூர்)*

ஒன்றுதான் என்றால் 1955-ல் வந்த சத்யஜித் ரேயின் வங்காளப் படம் ‘பதேர் பாஞ்சாலி’. இசை பண்டிட் ரவிசங்கர். பல மாதம் கழித்து ஊர் திரும்புகிற அப்பா, வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்காவுக்கு வாங்கிய புடவையை நீட்டுகிறார். மகள் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. அதுவரை கல் மாதிரி இருந்த அம்மா புடவையை வாங்கி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உடைந்து அழுகிறாள். அவள் அழுகைச் சத்தம் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்கிற, வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம் உச்ச ஸ்தாயியில் வீறிட்டு எழுகிறது, அவ்வளவுதான். நடிகை கருணா பானர்ஜியின் முகத்தில் அழுகை இருக்கிறது, குரல் வாத்தியத்திடம் இருக்கிறது. ஒரு தாயின் ஓலத்தை அப்படியே கேட்டிருந்தால் நாம் அவளுக்காக வருத்தப்பட்டிருப்போம், இதில் அந்த ஓலம் நம் தொண்டையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, சோகக் காட்சிக்கு முப்பது வயலினை ஒன்றாக இறக்குகிற படங்களை என்னால் பொறுமையாகப் பார்க்க முடிவதில்லை.

‘காட்ஃபாதர்’ இசைக்கு ஆஸ்கர் ஏன் கிடைக்கவில்லை?
*(வாசகர், தஞ்சாவூர்)*

முதல் பாகத்துக்கு இசையமைப்பாளர் நீனோ ரோட்டாவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அதில் வரும் காதல் தீமின் மெட்டை அவர் 1958-ல் வந்த ‘ஃபார்ச்சுனெல்லா’ என்ற இத்தாலியப் படத்தில் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார் என்று தெரிந்து பரிந்துரையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்துக்குக் கொடுத்தார்கள்.

பின்னணி இசையைத் தனியாகக் கவனிக்கப் பழகுவது எப்படி? நான் கதையிலேயே மூழ்கிவிடுகிறேன்.
*(வாசகி, சேலம்)*

முதல் தடவை மூழ்கத்தான் வேண்டும், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிடித்த காட்சி ஒன்றை மட்டும் எடுத்து, முதலில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவதாக, இசை எந்த நொடியில் ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். நிற்கிற இடம்தான் முக்கியம், நல்ல இசையமைப்பாளரை அங்கே பிடித்துவிடலாம்.

பயிற்சிக்கு ‘96’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவிந்த் வசந்தாவின் வயலின் படம் முழுக்க ராமின் ஏக்கத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறது. பள்ளி நாளிலிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருந்த பாட்டு ‘தளபதி’யின் ‘யமுனை ஆற்றிலே’, அதை மட்டும் அவன் காதலித்த ஜானு பாடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவாள். கடைசியில் கரண்ட் போன வீட்டில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடத் தொடங்குவாள். அதற்கு முன் வயலின் எந்த இடத்தில் ஒதுங்கி வழிவிட்டது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசலாம்.