கடல் மீன் குடம்பியைப் பார்த்து எந்த மீன் என்று எப்படிச் சொல்வது? தாய் மீனின் படத்தோடு ஒப்பிட்டால் போதுமா?

போதாது. குடம்பி என்பது முட்டையிலிருந்து வந்த குஞ்சு, அது தாய் மீன் மாதிரி இருக்காது. அதனால் தாய் மீனின் படம் இந்த வேலைக்கு அநேகமாக உதவாது. இறுதியாண்டு ஆய்வுக்குத்தான் கேட்கிறீர்கள் போல. மேற்பார்வையாளர் இனப்பெயர் கேட்டு நெருக்குகிறாரா? நானும் பட்டிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மட்டக்களப்பு முகத்துவாரத்தில் இரவில், கடல்நீர் வாவிக்குள் ஏறும் நேரம் பார்த்துத் தோணியில் நுண்கண் வலை இழுப்போம். போத்தலில் கூனியும் நண்டுக் குடம்பியுமாகத்தான் இருக்கும். நடுவே கண்ணாடி நூல் மாதிரி ஒன்று, இரண்டு கறுப்புக் கண்ணோடு கிடந்தால் அது மீன். ஆய்வுகூடத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் நுணுக்குக்காட்டியில் ஒருதரம் குனிந்துவிட்டு, "எல்லாம் நெத்தலிதான் தம்பி, எழுதும்" என்றார். நான் எழுதவில்லை. "ஐயா, முதுகுச் செட்டை முடியிற இடத்தையும் குதத்தையும் பாருங்கோ" என்றேன். செட்டை என்றால் துடுப்பு. நெத்தலியில் முதுகுச் செட்டையின் பின்பகுதிக்கு நேர்கீழேயே குதச் செட்டை தொடங்கிவிடும். சாளை வகையான சூடையில் முதுகுச் செட்டை முடிந்து, உடம்பில் வரிவரியாகத் தெரியும் தசைத்துண்டங்கள் சில தள்ளித்தான் குதமே வரும். தட்டில் கிடந்தவை பெரும்பாலும் சூடைக் குடும்பம். ஐயா திரும்பக் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

செட்டை முளைக்காத சின்னதுகளில் தசைத்துண்டங்களை எண்ணுங்கள். வளர்ந்த மீனின் முள்ளெலும்புகளின் எண்ணிக்கையோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். குடலின் நீளம், கரும்புள்ளிகள் இருக்கும் இடம் இரண்டையும் படமாக வரையுங்கள். அப்புறம், செட்டைக் கதிர் எண்ணக்கூடிய பெரிய குடம்பியை முதலில் அடையாளம் கண்டு, அதிலிருந்து படிப்படியாகச் சின்னதுக்கு இறங்கி வாருங்கள். மஞ்சள், சிவப்பு நிறங்கள் போர்மலினில் சீக்கிரம் போய்விடும், உயிரோடு இருக்கும்போதே குறித்துவிட வேண்டும். கொஞ்சத்தை எதனோலில் தனியாகப் போட்டு வையுங்கள்.

"டி.என்.ஏ. இருக்கே, இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கீழே வருவார்கள். நான் அதற்கு எதிரியில்லை, எதனோல் சொன்னதே அதற்காகத்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவு இருந்தால்தான் பெயர் வரும். புள்ளி எங்கே இருந்தது என்று அது சொல்லாது. குடும்பம் வரைதான் தெரிகிறதா, குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். அதைக் குறைச்சல் என்பவர்கள் ஒருநாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

   

நீளம் அளப்பதைச் சொல்ல மறந்துவிடுவேன். குடம்பியில் முதுகெலும்புக்கு முன்னோடியாக இருக்கும் தண்டுதான் முதுகுநாண். அதன் வால்பக்க நுனி மேலே வளையும் முன் மூக்கிலிருந்து அந்த நுனி வரை, வளைந்து முடிந்த பிறகு வாற்செட்டையின் அடி வரை. எந்த நீளம் என்று அட்டவணையில் எழுதாவிட்டால் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள்.