பட்மின்டன் கோர்ட் இருக்கும்போது புதுத் தரை எதற்கு?

கேள்வி: உப்புவெளியில் எங்கள் கழகத்துக்குப் பழைய சீமெந்து பட்மின்டன் கோர்ட் ஒன்று உண்டு. ஐம்பது தாண்டிய ஆறேழு பேர் அதில் பிக்கிள்போல் (துளைகளுள்ள பிளாஸ்டிக் பந்தைச் சிறு மட்டையால் வலைக்கு மேலாக அடிக்கும் ஆட்டம்) ஆட விரும்புகிறோம். 'சர்வதேசத் தரத்தில்' புதுத் தரை போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்ட் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பட்மின்டன் இரட்டையர் கோர்ட்டின் அளவுதான் இதற்கும்: 44 அடி நீளம், 20 அடி அகலம். 1965இல் அமெரிக்காவில் இந்த ஆட்டம் தொடங்கியதே ஒரு வீட்டு பட்மின்டன் கோர்ட்டில்தான். ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

வலையைக் கீழே இறக்குங்கள்: ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. வலையிலிருந்து இருபக்கமும் 7 அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு. பட்மின்டனின் முன்கோடு ஆறரை அடியில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த 7 அடிக்குள் நின்று பந்தை நிலத்தில் படுமுன் அடிக்கக் கூடாது. அங்கிருந்து பின்கோடு வரை நடுக்கோடு. அவ்வளவுதான்.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பின்கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது? எட்டு அடியாவது வேண்டும். பழைய கோர்ட்டுகளில் மூன்றடியில் மதில் நிற்கும். பட்மின்டனில் அதைச் சமாளித்திருப்பீர்கள். இங்கே பந்து நிலத்தில் பட்டு எழும்புவதால் பின்கோட்டுக்கும் வெளியே நின்று அடிக்க வேண்டிவரும். தலைக்கு மேலே போகும் பந்தைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடி விழுவதுதான் உங்கள் வயதில் மணிக்கட்டை முறிக்கும். உடம்பைத் திருப்பி ஓடுங்கள். மதில் கிட்ட இருந்தால் அந்தக் கோர்ட் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

அப்புறம் பந்து. திறந்த வெளிக்கு 40 துளைப் பந்து. கடைக்காரர் 26 துளையை நீட்டுவார், அது மண்டபத்துக்குள் ஆடுவதற்கு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் காலையிலேயே ஆடி முடியுங்கள். மட்டை தொடக்கத்துக்கு மலிவானதே போதும். 'சாம்பியன் மட்டை' எல்லாம் பேச்சு.

பொது மைதானத்தில் ஆடலாமே என்பீர்கள். கேட்டுப் பாருங்கள்: கடிதம் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்குப் போகும், பூட்டு அப்படியே தொங்கும். கட்சிக் கூட்டம் என்றால் மட்டும் சாவி உடனே கிடைத்துவிடும்! உங்கள் கோர்ட்டில் நாளைக்கே தொடங்குங்கள். ஏஜென்டுக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், பற்றுச்சீட்டோடு போய்த் திருப்பிக் கேளுங்கள்.